பாலைவனத்தில் வெள்ளத்தைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, உங்கள் மகள் எம்.எஸ்சி. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் (செயற்கைக்கோள், மேப் தரவுகளைக் கணினியில் ஆராயும் படிப்பு) ப்ராஜெக்டுக்கு ராஜஸ்தான் பாலைவனத்தின் திடீர் வெள்ளத்தை எடுத்திருக்கிறாள், "மழையே பெய்யாத ஊரில் வெள்ளத்தை ஆராய்ந்து யார் சம்பளம் கொடுப்பார்கள்" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2009 நவம்பரில் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் சில மணி நேர மழைக்கே நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே மழை இல்லாத நாளில் வெறும் மணலாகக் கிடக்கும் ஓடைத்தடத்தில் (அரபியில் வாதி, 'வாடி' என்று எழுதினால் நமக்கு வேறு அர்த்தம் வந்துவிடும்) வீடும் ரோடும் வந்துவிட்டன.

வேலை இதுதான்: 2000-ல் எண்டெவர் விண்கலம் ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, அதைக் கியூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருளில் ஏற்றினால் எந்த மேட்டுத் தண்ணீர் எந்த ஓடையில் சேரும், வடிநிலம் (ஓர் ஓடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலப்பரப்பு) எவ்வளவு செங்குத்து, நீளமா வட்டமா என்றெல்லாம் வந்துவிடும். வட்டமாக இருந்தால் கிளை ஓடைகளின் தண்ணீர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியேறும் இடத்துக்கு வந்து சேரும், அதுதான் ஆபத்து.

சரி, இதை இரண்டு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். இன்டர்வியூவில் மாட்டிக்கொள்வது "உன் மேப் சரி என்று எப்படித் தெரியும்?" என்ற கேள்வியில்தான். அந்தத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர், பத்து மீட்டர் ஓடை அதில் காணாமலே போகும். பாலைவன ஓடைகள் பலவற்றில் நீர் அளக்கும் கருவியும் கிடையாது. 2006-ல் பார்மர் மாவட்டத்துக் கவாஸ் கிராமம் மூழ்கியபோது தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை, அடியில் தண்ணீரை இறங்க விடாத ஜிப்சம் படிவு இருந்ததால். உயரத் தரவு எதிலும் அந்த ஜிப்சம் தெரியாது, மண்ணியல் தெரிந்தவளுக்குத்தான் தேடத் தோன்றும்.

அதனால் மென்பொருள் சான்றிதழ்களுக்குப் பணம் கட்டாதீர்கள், டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனமான ஐஐஆர்எஸ் ஆன்லைனில் இலவசமாகவே வகுப்பு நடத்துகிறது. பைத்தான் நிரல்மொழியும், வெள்ளம் எவ்வளவு ஆழம் ஏறும் என்று கணக்கிடும் ஹெக்-ராஸ் மென்பொருளும் (அதுவும் இலவசம்) பழகட்டும். சோலார் பார்க், நெடுஞ்சாலைப் பாலம், வளைகுடா வடிகால் திட்டங்கள் எடுக்கும் கன்சல்டன்சிகளுக்கு இந்த ஆள் தேவை. மறைக்காமல் சொல்கிறேன், முதல் வேலை பெரும்பாலும் மேப்பில் கோடு இழுக்கிற வேலைதான், சம்பளமும் சுமார்தான். அதிலேயே தங்கிவிடாமல் இருக்க, அவள் கவாஸுக்கு ஒருமுறை நேரில் போய், அன்றைக்குத் தண்ணீர் எதுவரை நின்றது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தன் மேப்போடு ஒத்துப்பார்க்க வேண்டும். ரயில் டிக்கெட் போட்டுக் கொடுங்கள்.