குலெப்ரோன்: பாம்பா, சீரியலா?

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சுக் கால்பந்து வீரர் எம்பாப்பே, ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்குப் போவாரா மாட்டாரா என்று இழுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஸ்பானியப் பத்திரிகைகள் அதை ‘குலெப்ரோன்’ என்றே எழுதின. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ஒருமுறை ‘பெரிய பாம்பு’, இன்னொருமுறை ‘டிவி சீரியல்’ என்கிறது. எது சரி? லத்தீன் அமெரிக்க டிவி தொடரை டெலிநொவேலா என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

கோவை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செயலி இரண்டு முறையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

‘குலெப்ரா’ பாம்பு. விரியனுக்கு ‘வீபொரா’ என்று தனிச்சொல் உண்டு. குலெப்ரா நம்மூர்ச் சாரை வகையறா. அதோடு ‘ஓன்’ விகுதி சேர்ந்தால் பொருள் பெருத்துவிடும். ‘குச்சாரா’ கரண்டி, ‘குச்சாரோன்’ அகப்பை. சேரும்போது கடைசி ‘ஆ’ உதிர்ந்து, பெண்பால் சொல் ஆண்பாலாகிவிடும்: ‘லா குலெப்ரா’, ஆனால் ‘எல் குலெப்ரோன்’. கரண்டிக்குப் பால் பார்க்காத நமக்கு இங்கேதான் கால் தடுக்கும். பன்மை, ‘குலெப்ரோனெஸ்’.

வால் எங்கே என்றே தெரியாமல் நெளிந்துகொண்டு போகிற தொடருக்கு அது கேலிப்பெயர். ஸ்பெயினில் 1980களின் பிற்பகுதியில், வெனிசுவேலாவின் ‘கிறிஸ்தால்’ போன்ற தொடர்கள் வந்து இறங்கிய காலத்தில், சொல் வீட்டுக்கு வீடு புழங்கியது. ‘உங்கள் குலெப்ரோன் பார்த்தேன்’ என்று ஒரு நடிகையிடம் சொல்லிவிடாதீர்கள். மரியாதையான சொல் டெலிநொவேலாதான். சிலியில் ‘தெலெசேரியே’ என்பார்கள்.

டெலிநொவேலாவில் உள்ள ‘நொவேலா’ நாவல். அதற்கு முன்னோடி வானொலி நாவல். கியூபாவில் 1948இல் ஃபெலிக்ஸ் கைக்னெத் எழுதிய ‘பிறக்கும் உரிமை’ 314 பகுதிகள் ஓடியது. அமெரிக்காவின் ‘சோப் ஆபரா’ தொடர்களுக்குப் போலவே அங்கும் செலவை ஏற்றவர்கள் சோப்புக் கம்பெனிக்காரர்களே. ஆனால் நாவல் என்றால் கடைசிப் பக்கம் உண்டு. டெலிநொவேலா பெரும்பாலும் சில மாதங்களில், கூடிப்போனால் ஓராண்டில், கல்யாணத்தோடு முடிந்துவிடும். அமெரிக்க ‘சோப் ஆபரா’வுக்கு அந்தக் கட்டாயமில்லை. ‘கைடிங் லைட்’ 1937இல் வானொலியில் தொடங்கி, தொலைக்காட்சிக்கு மாறி, 2009 வரை ஓடியது. ஆகவே டெலிநொவேலாவை ‘சோப் ஆபரா’ என்று பெயர்ப்பது அரைகுறை. நம் மெகா சீரியலுக்கு டெலிநொவேலா என்று பெயர் வைப்பதும் அப்படித்தான். ஆயிரம் எபிசோடு தாண்டியதற்குக் குலெப்ரோனே பொருத்தம்.

செய்தித்தாளில் வரும்போது டிவி கழன்று, இழுபறியும் நாடகமும் மட்டும் மிஞ்சும். எம்பாப்பேக்கு ரியல் மாட்ரிட் விலை பேசியது 2021இல். 2022இல் அவர் தன் பாரிஸ் கிளப்பிலேயே தங்கிவிட்டார். வந்து சேர்ந்தது 2024இல். எந்த டெலிநொவேலாவும் அவ்வளவு இழுத்திருக்காது.