எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: ஐயா, என் டீசல் கார் இன்னும் வாரண்டியில் இருக்கிறது. 31,000 கி.மீ. ஓடியிருந்தபோது ஏர் ஃபில்டரை வீட்டிலேயே நானே மாற்றினேன். கம்பெனியின் ஒரிஜினல் ஃபில்டர்தான், பில் இருக்கிறது. அதற்குப் பிறகு 34,500 கி.மீ.யில் கம்பெனி டீலரிடமே சர்வீஸ் விட்டேன். 36,000 தாண்டியதும் பிக்கப் குறைந்தது, புகை வந்தது, ஆயிலும் குறைய ஆரம்பித்தது. அங்கே வண்டியைப் பார்த்தவர்கள், "ஃபில்டர் பெட்டியில் ஒரு கிளிப் சரியாக மாட்டவில்லை. தூசி உள்ளே போய் டர்போ தேய்ந்துவிட்டது. நீங்களே கை வைத்ததால் வாரண்டி கிடையாது" என்கிறார்கள். மேலாளர் என் மனைவி, மகன் முன்னாலேயே என்னைச் சத்தம் போட்டார். இவர்கள் மேல் மோசடி வழக்குப் போட்டு, புதிய காரும் மன உளைச்சலுக்கு நஷ்டஈடும் வாங்க முடியுமா? எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சம்மதம் என்று கையெழுத்தும் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மேலாளர் சத்தம் போட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். வலித்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நுகர்வோர் ஆணையம் அதை வைத்துத் தீர்ப்பு எழுதாது. மோசடி வழக்கும் நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318ஆம் பிரிவுக்கு, உங்களிடம் பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இருந்தது என்று காட்ட வேண்டும். வாரண்டி தர மறுப்பது அந்த வகையில் சேராது. காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அதற்குள் சாட்சியம் கைநழுவிப் போயிருக்கும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் உங்கள் வழக்கு: 34,500 கி.மீ. சர்வீஸ். நீங்கள் ஃபில்டர் மாற்றிய பிறகு அந்தப் பெட்டியைக் கடைசியாகத் திறந்து மூடியது யார்? இந்தக் கேள்விக்கு விடை தரும் காகிதம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அந்த சர்வீஸில் செய்த வேலைகளைக் குறித்த ஜாப் கார்டையும் பில்லையும் செக்லிஸ்ட்டையும் எடுத்துப் பாருங்கள். "ஏர் ஃபில்டர் சுத்தம் செய்யப்பட்டது" என்று இருந்தால் பெட்டியை அவர்கள் திறந்திருக்கிறார்கள், அவர்களே மூடியிருக்கிறார்கள். மாட்டாத கிளிப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். "பரிசோதிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் உங்கள் நிலை கொஞ்சம் இறங்கும். ஆனாலும், கிளிப் திறந்து கிடந்ததைப் பார்க்காமல் சரி என்று டிக் போட்டுப் பணம் வாங்கியது எப்படி என்று கேட்கலாம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கீழே சமரசம் பற்றி எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

புதிய கார் கேட்டு வழக்குப் போட நினைப்பவர்கள் எல்லோரும் "உற்பத்திக் குறைபாடு" என்றுதான் மனுவில் எழுதச் சொல்கிறார்கள். உங்கள் வழக்கில் அது தற்கொலை. உற்பத்திக் குறைபாடு என்று சொன்னால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். நிபுணர் அறிக்கை இல்லாமல் பெரும்பாலும் தேறாது. நிரூபித்தாலும், வாரண்டி குறைபட்ட பாகத்துக்குத்தான், முழு வண்டிக்கு அல்ல என்று 2006இலேயே மாருதி உத்யோக் நிறுவனத்தின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் கேட்க வேண்டியது சேவைக் குறைபாடு: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11). டீலர், தயாரிப்பாளர் இருவரையும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் கையைக் காட்டி நழுவிவிடுவார். உற்பத்திக் குறைபாட்டை மாற்று வாதமாக ஒரு பத்தியில் வைத்தால் போதும்.

யூடியூபில் பார்த்துவிட்டு, "சொந்தமாக ஃபில்டர் மாற்றினால் வாரண்டி போகாது என்று சட்டமே இருக்கிறது" என்று பலர் வருகிறார்கள். அவர்கள் சொல்வது அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்–மாஸ் சட்டம். இங்கே செல்லாது. நம் நாட்டில் அதற்கு அருகில் வருவது, 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவு. வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை அடியோடு ரத்து செய்யக் கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அதன் சாரம். அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது, அதை மட்டும் நம்பி நிற்க முடியாது. வழக்குக்கு முன் அனுப்பும் நோட்டீஸில் இதைப் பற்றி ஒரு வரி சேருங்கள். வழக்கின் எடை ஜாப் கார்டில் இருக்கட்டும்.

இனி அந்தக் கையெழுத்துக்கு வருவோம். வாரண்டி வழக்குகளில் கட்சிக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். எஞ்சினைப் பிரிக்கச் சம்மதம் என்று நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் டர்போ மேசைமேல் இருக்கும். தூசி படிந்த குழாய் கழுவப்பட்டிருக்கும். பழைய ஆயில் வடிக்கப்பட்டு டிரம்மில் கலந்திருக்கும். ஃபில்டர் குப்பையில் கிடக்கும். கெட்ட எண்ணம்கூட வேண்டாம், பட்டறையின் வழக்கமான வேலை ஓட்டமே போதும். அதன் பிறகு என்ன நடந்தது என்பதற்கு மிஞ்சும் ஒரே ஆவணம் அவர்கள் எழுதிய அறிக்கை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38(2)(c)-ன்படி ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆனால் அனுப்புவதற்குப் பொருள் இருக்க வேண்டுமே.

அதனால் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: என் முன்னிலையில், வீடியோ பதிவுடன், நான் அழைத்துவரும் ஆட்டோமொபைல் பொறியாளரும் இருக்கும்போது மட்டுமே பிரிக்கச் சம்மதம், கழற்றும் எந்தப் பாகத்தையும் கழுவவோ அப்புறப்படுத்தவோ கூடாது. மறுத்தால், புகாரைத் தாக்கல் செய்யும்போதே பிரிவு 38(8)-ன்கீழ் இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

கூட்டு ஆய்வில் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பொறியாளரிடம் அப்படியே காட்டுங்கள். ஃபில்டரின் ரப்பர் விளிம்பு உட்காரும் பள்ளத்தில், சுத்தமான காற்று போகும் பக்கத்தில், தூசிக் கோடு இருக்கிறதா? கிளிப் திறந்திருந்து தூசி புகுந்திருந்தால் இடைவெளி இருந்த இடத்திலிருந்து அந்தக் கோடு தெரியும், ஃபில்டருக்குப் பிந்தைய குழாயின் உட்புறத்திலும் தூசி ஒட்டியிருக்கும். அந்தக் குழாயைக் கழற்றினாலே, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் காற்றுச் சக்கரம் கண்ணுக்குத் தெரியும், எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம். தூசி தின்ற சக்கரத்தில் இதழ்களின் முன்விளிம்பு மழுங்கியிருக்கும். விளிம்புகள் கூர்மையாக இருந்து, தண்டு மட்டும் ஆடினால் ஆயில் ஒழுங்காகப் போய்ச் சேராமல் பேரிங் போயிருக்கலாம். அப்படியானால் அவர்கள் சொல்லும் தூசிக் கதை அங்கேயே முடிந்தது. உங்கள் ஃபில்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வாரண்டி அப்படியே நிற்கும்.

ஆயிலை விட்டுவிடாதீர்கள். வடிப்பதற்குள் சுத்தமான உலர்ந்த பாட்டிலில் மாதிரி எடுத்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். மண்தூசியின் பெரும்பகுதி சிலிக்கா. எஞ்சினுக்குள் தூசி போயிருந்தால் ஆயில் பரிசோதனையில் சிலிக்கான் அளவு உயர்ந்து நிற்கும், கூடவே இரும்பும் அலுமினியமும் ஏறியிருக்கும். இது உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம். பரவாயில்லை, வழக்குப் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லது.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சர்வீஸ் அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் எதுவும் எழுதாதீர்கள். "நான்தான் கிளிப்பைச் சரியாகப் போடாமல் விட்டிருப்பேன் போல, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் சார்" என்று மரியாதைக்கு எழுதிய ஒரு செய்தி, பதில் மனுவோடு முதல் ஆவணமாக வந்து நிற்கும். ஏற்கெனவே எழுதியிருந்தால் அழிக்காதீர்கள், உங்கள் வழக்கறிஞரிடம் முதலிலேயே காட்டுங்கள். அதேபோல, மழைநீர் புகுந்தது என்று சொல்லி இன்சூரன்ஸில் வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். இயந்திரக் கோளாறு வழக்கமான மோட்டார் பாலிசியில் விலக்கு. பொய்க் காரணம் எழுதிக் கொடுத்தால் அந்தப் படிவமே வாரண்டி வழக்கிலும் உங்களைப் பொய்யர் ஆக்கிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் உண்மையான கருத்து: ஜாப் கார்டில் "சுத்தம் செய்யப்பட்டது" என்ற வரி இல்லையென்றால், அல்லது இதழ்கள் மழுங்கியிருந்து அது உங்கள் கிளிப்பால் வந்ததாகத் தெரிந்தால், சமரசமாகப் போங்கள். பரிசோதனை தேவைப்படும் புகாரை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அப்படி முடிவதில்லை. அதுவரை வண்டி நிற்கும், பேட்டரி போகும், பட்டறை வண்டியை நிறுத்தியதற்குக் கட்டணம் கேட்டுக் கடிதம் அனுப்பும். பாகத்தின் விலையைக் கம்பெனி ஏற்கட்டும், கூலியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற பேச்சுக்குத் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவு இறங்கி வருவதுண்டு, டீலர் வராவிட்டாலும். ஜாப் கார்டில் அந்த வரி இருந்தால்கூட நோட்டீஸ் அனுப்பிவிட்டு 15 நாள் இந்தப் பேச்சுக்கு இடம் கொடுங்கள். வழக்கு வந்த பிறகும் பிரிவு 37 மத்தியஸ்தத்துக்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் காலக்கெடு பிரிவு 69-ன்படி இரண்டு ஆண்டு. நீங்கள் எழுதும் கடிதங்களால் அது நீளாது.

சமரசம் கையெழுத்தாகும்போது மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும். மீதி வாரண்டி தொடர்கிறது. புதிதாகப் போட்ட டர்போவுக்கு அதற்குரிய வாரண்டி உண்டு. சர்வீஸ் பதிவில் "வாடிக்கையாளர் அலட்சியம்" என்ற குறிப்பு இருக்காது. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வேறு பாகம் பழுதாகும்போது கணினியில் இருக்கும் அந்தக் குறிப்பைக் காட்டி மறுபடியும் மறுப்பார்கள். வண்டி அவசரமாகத் தேவைப்பட்டுப் பணம் கட்டி எடுக்க நேர்ந்தால், பில்லில் "ஆட்சேபத்துடன், என் உரிமைகளுக்குப் பாதகமின்றிச் செலுத்துகிறேன்" என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திடுங்கள். "முழுத் திருப்தி" என்று அச்சடித்த சீட்டை நீட்டினால் அந்த வார்த்தைகளை அடித்துவிட்டு, பழைய டர்போவையும் ஃபில்டரையும் கையோடு கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.