கேமராவைக் கண்டதும் விறைத்துப்போகும் பெரியவர்கள்

கேள்வி: கனடாவில், தண்டர் பே நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். 1950களில் ஃபின்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இங்கே இருக்கிறார்கள். அவர்களைப் படம் எடுத்து, ஊர் நினைவுகளையும் பக்கத்தில் எழுதி வைக்க ஆசை. கேமராவைத் தூக்கினால் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துப்போகிறார்கள். ஊர் ஞாபகம் வருமா என்று கேட்டால் "சாதாரண ஊர்தான்" என்பதோடு சரி. என்ன செய்வது?
— ஒரு வாசகி, தண்டர் பே

பதில்: முதலில் இல்லத்து நிர்வாகத்திடமும், படம் எடுக்கப்போகும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். மறதி நோய் உள்ளவர் என்றால் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். வேலை நேரத்தில், சீருடையில் கேட்காதீர்கள். குளிப்பாட்டிச் சோறூட்டும் பெண்ணிடம் 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும்.

அந்த "ஊர் ஞாபகம் வருமா" கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். சிலருக்கு அந்த ஊர் இன்றைய ஃபின்லாந்து வரைபடத்திலேயே இல்லாமல் இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில், ஃபின்லாந்தின் கிழக்கோரத்தில் அந்நாட்டுக்குச் சொந்தமாக இருந்த கரேலியாவின் பெரும்பகுதி சோவியத் யூனியன் கைக்குப் போனது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேற்கே வந்தார்கள். அவர்களுடைய வீபுரி நகரம் இப்போது ரஷ்யாவின் வீபோர்க். அப்படிப்பட்டவரிடம் ஊரைப் பற்றிக் கேட்டால் எதைச் சொல்வார்?

அப்புறம், அரசியல். உங்கள் ஊர் பே தெருவில் 1910இல் ஃபின்லாந்துத் தொழிலாளர்கள் கட்டிய மன்றம் இருந்ததே, அதற்குள் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று சமூகமே இரண்டாகக் கிடந்தது. 1930களின் தொடக்கத்தில் கனடா, அமெரிக்காவிலிருந்து ஆயிரக்கணக்கான ஃபின்லாந்துக்காரர்கள் சோஷலிசம் கட்டப்போகிறோம் என்று, எல்லைக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே சோவியத்திடம் இருந்த கரேலியாவுக்குக் குடிபோனார்கள். 1937-38இல் ஸ்டாலினின் களையெடுப்பில் அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பின் வந்தவர்களோ சோவியத்தோடு சண்டை போட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரே மொழி பேசினாலும் இவர்களுக்கும், மன்றத்துப் பக்கம் இருந்த பழைய சிவப்புக்காரர்களுக்கும், அதாவது இடதுசாரிகளுக்கும், அவ்வளவாக ஒட்டவில்லை. யார் எந்தப் பக்கம் என்று நீங்களாகக் கிளறாதீர்கள்.

பொருளைப் பற்றிக் கேளுங்கள். வீட்டிலிருந்து சவுனா, அதாவது நீராவிக் குளியல் அறை, எத்தனை எட்டு தூரம்? சனிக்கிழமை தண்ணீர் சுமந்தது யார்? அந்தக் காலத்துக் கிராமங்களில் சவுனா வெறும் குளியலறை இல்லை. பிரசவம் அங்கேதான், இறந்தவர்களைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். அங்கிருந்து பேச்சு எங்கே வேண்டுமானாலும் போகும். காபியும் கூடவே புல்லாவும் கொண்டுபோங்கள். புல்லா என்பது ஏலக்காய் போட்ட இனிப்பு ரொட்டி. அதன் வாசம் உங்களுக்கே நம் வீட்டுப் பாயசத்தை ஞாபகப்படுத்தும், பேச்சைத் தொடங்க அது ஒரு சாக்கு. அந்தத் தொழிலாளர் மன்றத்தின் அடித்தளத்தில் 1918இலிருந்து நடந்த ஹொய்தோ உணவகத்தின் பான்கேக்கைப் பற்றியும் கேளுங்கள். கட்டடம் 2021 டிசம்பரில் எரிந்துபோனது. ஃபின்லாந்தைப் பற்றி வாய் திறக்காதவர்கூட அதைப் பற்றிப் பேசக்கூடும். அறுபது, எழுபது வருஷம் வாழ்ந்த பிறகு அதுவும் ஊர் நினைவுதானே.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நீண்ட மௌனம் வரும். ஃபின்லாந்துக்காரர்களுக்கு அதில் சங்கடம் கிடையாது. நமக்குத்தான் சும்மா இருக்க வராது, உடனே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவோம். வாயைக் கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். அந்த விறைப்பைத் தப்பாக நினைக்காதீர்கள். நூறு வருஷத்துக்கு முன் ஃபின்லாந்தின் ஹாங்கோ துறைமுகத்தில் கப்பலேறி, இங்கிலாந்தின் ஹல் வழியாக லிவர்பூல் போய், அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தவர்கள் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். கோட்டு, கடிகாரச் சங்கிலி, நிமிர்ந்த முதுகு. 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று அம்மாவுக்குச் சொல்லும் கடிதம் அந்தப் படம். அதனால் முதலில் அவர்கள் விரும்புகிற மாதிரியே, நல்ல உடுப்பில், விறைப்பாக ஒன்று எடுத்துக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் சட்டம் போட்டு மாட்டப்போவது அதைத்தான். இரண்டாவது படம் உங்களுக்கு.

அதற்கு முதல் இரண்டு சந்திப்புகளில் கேமராவே வேண்டாம், போனில் குரலை மட்டும் பதிவு செய்யுங்கள். பனிக்காலப் பகல் நல்லது. வெயில் தாழ்வாக வரும், வெளியே கிடக்கும் பனி அதை அறைக்குள் திருப்பி அனுப்பும். டியூப்லைட்டை அணைத்து, ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி உட்காரவையுங்கள். 50 எம்.எம். லென்ஸ் போதும். பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் வாய் கோணி விழும். சொல்லி முடித்துவிட்டு கோப்பையைப் பார்ப்பார்கள் பாருங்கள், அப்போது எடுங்கள். பழைய ஆல்பம் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, கைகளை மட்டும் தனியாக ஒன்று.

பிரிண்ட் போட்டதும் பின்பக்கத்தில் பெயரையும் ஊரையும் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் மொழியில் சில எழுத்துகளின் தலையில் இரண்டு புள்ளிகள் உண்டு. இங்கே வந்த பிறகு பல குடும்பங்களின் பெயரில் அவை உதிர்ந்துபோயின. புள்ளி இல்லாவிட்டால் அர்த்தமே வேறு: 'சதே' என்றால் மழை, அதன் முதல் உயிரெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ஒளிக்கதிர். மை சீக்கிரம் காயும் பேனாவாகக் கொடுங்கள், வயதான கை படத்தின் மேலேயே அழுந்தி நகரும்.