அப்பாவின் புராஸ்டேட் புற்றுநோய் எனக்கும் வருமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயதில் புராஸ்டேட் புற்றுநோய். எலும்புக்கும் பரவிவிட்டது. அத்தைக்கு முன்பே மார்பகப் புற்றுநோய் இருந்தது. எனக்கு 39 வயது. என்ன செய்யலாம்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்நோய் இருந்தாலே ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. உங்கள் வீட்டில் அத்தையின் நோயும் சேர்வதால் புற்றுநோயைத் தடுக்க உதவும் பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவைச் சந்தேகிக்க வேண்டும். அதில் பழுதிருந்தால் புற்றுநோய் இளவயதிலேயே, வேகமாக வரலாம்.

மரபணுப் பரிசோதனையை உங்களிடமிருந்து தொடங்காதீர்கள். முதலில் அப்பாவின் ரத்தத்தையோ உமிழ்நீரையோ கொடுங்கள். அவரிடம் பழுது தெரிந்தால்தான் உங்களுக்கு 'இல்லை' என்று வரும் முடிவை முழுதாக நம்பலாம். அவரிடம் பழுது இருந்தால், அது உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு 50 சதவீதம். அக்கா தங்கைகளுக்கும் அதே அளவுதான்; அவர்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயம் என்பதால் கட்டாயம் சொல்லுங்கள். இதை மறைக்கும் குடும்பங்கள்தான் அதிகம், வருத்தமாக இருக்கிறது. அறிக்கையில் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்றிருந்தால் அதைப் பழுதாகக் கொள்ளக் கூடாது.

பழுது இருந்தால் 40 வயதிலிருந்து ஆண்டுதோறும் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு) ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு 2 நாள் முன்பிருந்து சைக்கிள் ஓட்டுவதும் விந்து வெளியேற்றமும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் குணமாகி 6 வாரம் கழியட்டும். இல்லையெனில் அளவு பொய்யாக ஏறும். ஃபினாஸ்டிரைடு மாத்திரையோ அதைப் பாதியாக்கிவிடும். தலைமுடிக்காகச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்பாவின் பயாப்ஸி அறிக்கையோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவுக்குப் போங்கள். பி.ஆர்.சி.ஏ. பழுது உறுதியானால் அவருக்கும் ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் உதவக்கூடும்.