அப்பாவின் புண்ணில் எம்.ஆர்.எஸ்.ஏ. – வீட்டுக்குக் கூட்டிவரலாமா?

கேள்வி: சலரோகம் உள்ள என் அப்பாவுக்கு (67) காலில் புண் பெருத்து, யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தார்கள். பத்தாம் நாள், புண்ணில் எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி என்று தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் துப்புரவு இல்லாததால் வந்ததா? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. கூட்டிவரப் பயமாக இருக்கிறது.
– ஒரு மகள், சாவகச்சேரி

பதில்: தங்கச்சி, வைத்தியர் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டதும் அப்பாவைத் தயங்காமல் கூட்டிவாருங்கள். பேரப்பிள்ளை அவர் மடியில் இருக்கலாம். புண் மூடிக் கட்டியிருக்க வேண்டும், தூக்கும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கிருமி புதியதல்ல. நம்மில் பத்துப் பேரில் மூன்று பேரின் மூக்கில் சாதாரண ஸ்டெஃபைலோகொக்கஸ் கிருமி ஒரு தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. அதில் மெதிசிலின் என்ற அன்ரிபயோட்டிக் மருந்துக்கு அடங்காத வகைதான் எம்.ஆர்.எஸ்.ஏ. அதை 1961 இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். அந்த மருந்து பாவனைக்கு வந்து இரண்டொரு வருடம்கூட ஆகவில்லை. வெங்காயத் தோட்டத்தில் ஒரே மருந்தைப் போகத்துக்குப் போகம் அடித்தால் என்ன நடக்கும் என்று உங்கள் ஊரில் சொல்லத் தேவையில்லை. சாகக்கூடியது சாகும், தப்பியது தோட்டம் முழுவதும் பெருகும். அன்ரிபயோட்டிக் ஓயாமல் ஏறும் வாட்டும் அப்படித்தான். கிளெப்சியெல்லா போன்ற வேறு சில கிருமிகள் மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும்.

துப்புரவைப் பற்றிக் கேட்டீர்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் வாட்டிலும் எம்.ஆர்.எஸ்.ஏ. இருக்கும். கட்டில் கம்பி, பிறஷர் பார்க்கும் பட்டி போன்ற காய்ந்த இடங்களில் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் தானாக நடந்து போகாது. அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் கைதான். அவசரத்தில் கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போன வைத்தியர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். அது இன்னும் என் மனதை உறுத்துகிறது. குளோரின் கரைசலில் கை கழுவினால் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலில் தாய்மார் சாவது குறையும் என்று வியன்னாவில் செமல்வைஸ் என்ற வைத்தியர் காட்டியது 1847 இல். தமிழில் மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிறீன் யாழ்ப்பாணம் வந்ததும் அதே ஆண்டுதான். இவ்வளவு காலம் போயும் நாங்கள் இதில் தவறுகிறோம்.

பார்க்க வருபவர்களும் யோசிக்க வேண்டும். நோயாளியின் கட்டிலில் இருந்து, கையைப் பிடித்து, அப்படியே எழும்பிப் பக்கத்துக் கட்டில் ஐயாவையும் தடவிச் சுகம் விசாரிப்பது எங்கள் ஊர்ப் பாசம். அந்த இரண்டு கட்டிலுக்கும் இடையில் கை கழுவுங்கள். கையுறை போட்டாலும் கழற்றியபின் கழுவத்தான் வேண்டும். பாவித்த கையுறையோடு அடுத்தவரைத் தொடுவது வெறுங்கையை விட நல்லதல்ல.

வீட்டில் அப்பாவுக்குத் தனித் துவாய், தனி ரேசர் வையுங்கள். படுக்கை விரிப்பைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து நல்ல வெயிலில் காயவிடுங்கள். தட்டு, கோப்பையைப் பிரித்து வைத்து அவர் மனதை நோகடிக்க வேண்டாம். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள், புண் ஆறுவதில் பாதி அதில்தான். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். பார்மசியில் கேட்டு வாங்கிய குளிசையோ, முந்தி மிஞ்சிய குளிசையோ கொடுக்க வேண்டாம்.

எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தது என்று அவரது கிளினிக் கொப்பியில் எழுதுவித்து வாங்குங்கள். புண் ஆறினாலும் கிருமி மூக்கிலோ தோலிலோ தங்கியிருக்கக்கூடும். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வாட்டில் கட்டில் கொடுக்கும் முன்பே அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.