டைம்டேபிள் செவ்வாய்க்கிழமையே குலைந்துபோகிறது

கேள்வி: திண்டிவனம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பி.இ. எலக்ட்ரிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலை ஆறே முக்காலுக்கு கல்லூரி பஸ் ஏறினால் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். கணக்கில் ஒன்று, சர்க்யூட் பாடத்தில் ஒன்று என இரண்டு அரியர் இருக்கிறது. ஞாயிறுதோறும் ஸ்கெட்ச் பேனாவால் டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டுகிறேன், செவ்வாய்க்குள் குலைந்துவிடுகிறது. படிக்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வு ஹாலில் லாப்லாஸ் உருமாற்றக் (Laplace transform) கணக்கு வந்தால் இரண்டாவது வரிக்கு மேல் கை ஓடவில்லை. வீட்டில் அரியர் விஷயம் தெரியாது. நான் சோம்பேறியா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்பு மகளே, சோம்பேறிக்கு வாராவாரம் உட்கார்ந்து டைம்டேபிள் போடப் பொறுமை இருக்காது. நீ அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தேன். மாலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை ஆறு பாடம், ஆறு நிறம். ஐந்து மணிக்கு நீ பஸ்ஸில் அல்லவா இருக்கிறாய்! இறங்கி, முகம் கழுவி, டீ குடித்து, தண்ணீர் பிடித்துவைத்து, சாப்பிட்டு எழும்போது எட்டரை ஆகிவிடும். பத்தரைக்குப் படுத்தால்தான் காலையில் எழ முடியும். உன் கையில் இருப்பது இரண்டு மணி நேரம். அதில் ஆறு மணி நேரப் படிப்பைத் திணித்தால் எந்தக் கெட்டிக்காரிக்கும் செவ்வாய்க்கிழமை குலையத்தான் செய்யும்.

இது உனக்கு மட்டும் நேர்வதும் இல்லை. 1994ல் ரோஜர் பியூலரும் அவருடன் பணியாற்றியவர்களும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள் மாணவர்கள். முடிக்க ஆனது 55 நாள். நம் வேலைக்கு நாமே நேரம் கணக்குப் போட்டால் பெரும்பாலும் குறைத்துத்தான் போடுவோம். ஒரு கணக்குக்கு அரை மணி என்று தோன்றினால் முக்கால் மணி என்று எழுது. புதன்கிழமையைக் காலியாக விட்டுவை. திங்களும் செவ்வாயும் விட்டுப்போனது அன்றைக்கு வந்து உட்காரட்டும்.

அப்புறம், சுவரில் மூன்று லட்சியம் எழுதியிருக்கிறாய்: ஆல் கிளியர், ஒன்பது சி.ஜி.பி.ஏ., கேட் (GATE) என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு. கேட்டை இப்போதைக்கு எடுத்துவிடு, மூன்றாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். "ஆல் கிளியர்" என்பதும் ஓர் இரவில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இல்லை. "இன்றைக்கு இரண்டு லாப்லாஸ் கணக்கு, புத்தகத்தைப் பார்க்காமல்" என்பது செய்யக்கூடியது. படுக்கும்போது செய்தோமா இல்லையா என்று உனக்கே தெரிந்துவிடும்.

லாப்லாஸை முதலில் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சர்க்யூட் பாடத்தில் ரெசிஸ்டரும் இண்டக்டரும் உள்ள சுற்றில் சுவிட்சைப் போட்டதும் மின்னோட்டம் எப்படி ஏறுகிறது என்று கேட்பார்களே, அதற்கு, மாறிக்கொண்டே இருக்கும் அளவின் வேகத்தைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடு எழுத வேண்டும். அதைச் சாதாரண இயற்கணிதமாக்கிக் கையில் தருவது இதே லாப்லாஸ்தான். நீ தனித்தனியாகப் பயப்படும் இரண்டு அரியருக்கும் வேர் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். நாளைக்கு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம் வரும்போதும் இதுதான் வந்து நிற்கும்.

இனி, "படிக்கும்போது புரிகிறது" என்றாயே, உன் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வரி அதுதான். தீர்த்து வைத்த கணக்கை வாசிக்கும்போது எல்லாருக்கும் புரியும். அடுத்த வரி கண்ணெதிரே இருக்கிறதே! 2006ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரே தடவை வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருந்ததை மூன்று தடவை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வாசித்தவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. உன் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

ஆகவே ஹைலைட்டரை மூடி வை. ஒரு கணக்கை ஒரு தடவை வாசி. புத்தகத்தை மூடு. பழைய லாங் சைஸ் நோட்டின் பின்பக்கத்தில் முதல் வரியிலிருந்து எழுது. பேனா ஓரிடத்தில் நிற்கும். உடனே புத்தகத்தைத் திறக்காமல் இரண்டு நிமிடம் திணறிப் பார். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் திறந்து, அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து, சிவப்பு மையில் எழுதிக்கொள். மறுபடி மூடி, மறுபடி முதல் வரியிலிருந்து வா. இரண்டு நாள் விட்டு அதே கணக்கை இன்னொரு தடவை போடு. பத்துக் கணக்கு ஆனதும் சிவப்பு வரிகளை மட்டும் புரட்டினால், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நின்றிருப்பது தெரியும். என் மாணவி ஒருத்திக்கு அது ஒரு பெரிய பின்னத்தைச் சிறு பின்னங்களாக, அதாவது பகுதிப் பின்னமாகப் பிரிக்கும் இடமாக இருந்தது. லாப்லாஸே வராது என்று அழுதுகொண்டிருந்தவள் அவள். பள்ளிக்கூடத்துக் கணக்கை நான்கு நாள் போட்டுப் பழகினாள், அவ்வளவுதான்.

தமிழில் யோசித்துப் புரிந்துகொள்வதில் ஒரு குறையும் இல்லை. புரிந்த பிறகு, தினமும் இரண்டு டூ மார்க் விடைகளை ஆங்கிலத்தில் கையால் எழுதிப் பழகு. காலை பஸ்ஸில் குற்ற உணர்வு இல்லாமல் தூங்கு. போனை பத்தரை வரை அம்மாவிடம் கொடுத்துவிடு.

கொடுக்கும்போது அரியர் விஷயத்தையும் அம்மாவிடம் சொல்லிவிடு. இரண்டு பாடத்தையும் மறைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் தேர்வுக் கட்டணத்துக்கு வழி தேடிக்கொண்டு படிப்பது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் திட்டுவார்கள். இரண்டாம் நாள், எட்டரைக்கு மேல் உன்னை எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டார்கள்.

வரும் ஞாயிறு டைம்டேபிள் போடாதே. அந்த வாரம் முழுக்க எந்த நேரத்தில் என்ன செய்தாய் என்று மட்டும் குறித்து வை. சிவப்பு வரிகள் உள்ள பக்கத்தையும் சேர்த்து எனக்கு அனுப்பு, இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்ப்போம்.