சிலுவைப் பிரசங்கம்: கேட்டதும் சொன்னதும்

ஈரோடு, சபை உபதேசியார்: ஐயா, ஞாயிறுதோறும் சிலுவையையே பேசினா சனங்களுக்குச் சலிச்சுப் போகாதுங்களா?

நடந்த சம்பவத்தையே திருப்பித் திருப்பிச் சொன்னால் சலிக்கத்தான் செய்யும். சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவைத் தவிர வேறொன்றும் வேண்டாமென்று கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் (1 கொரிந்தியர்) 2-ஆம் அதிகாரத்தில் சொன்ன அப்போஸ்தலன் பவுல், அதே நிருபத்தில் எதையெல்லாம் பேசுகிறார் பாருங்க. 6-இல் விசுவாசிகளுக்குள்ளே கோர்ட் வழக்கு, 7-இல் கல்யாணம், 8-இல் படையல் சோறு.

அந்தப் படையல் சோறு நமக்குத் தெரிந்த சங்கதிதான். மாமன் வீட்டு நோம்பிக்குக் கெடா விருந்துக்குக் கூப்பிட்டால் போகலாமா என்று இன்றைக்கும் கேட்கிறார்களே! பவுல் அங்கே ஒற்றை வரியில் சட்டம் போட்டு முடிக்கவில்லை. உன் பலவீனமான சகோதரனுக்காகவும் கிறிஸ்து மரித்தாரே, உன் சாப்பாட்டால் அவன் கெட்டுப்போகலாமா என்று கேட்கிறார் (8:11). 11-ஆம் அதிகாரத்தில், திருவிருந்துக்குக் கூடிய இடத்தில் வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட, இல்லாதவன் பசியோடு நிற்கிறான். இந்த அப்பம் கர்த்தருடைய மரணத்தையல்லவா சொல்கிறது என்கிறார். சபை விருந்தில் இன்னார் பந்தி, அன்னார் பந்தி என்று பிரிக்கிற ஊர்களில் இந்த அதிகாரத்தை ஏனோ யாரும் எடுப்பதில்லை.

திருப்பூர், பனியன் கம்பெனிக்காரர்: வாரம் பூரா ஆர்டர், வட்டி, சம்பளம்னு அலையறோம். ஆசீர்வாதமா நாலு வார்த்தை கேட்கத்தானுங்க கோயிலுக்கு வர்றோம்?

ஆசீர்வாதம் பேசட்டும். ஆனால் கொரிந்துவும் இரண்டு துறைமுகம் வைத்திருந்த வியாபார ஊர்தான். அங்கே காணிக்கை கேட்கும்போதுகூட, ஐசுவரியமுள்ளவர் உங்களுக்காகத் தரித்திரரானாரே என்றுதான் பவுல் நினைப்பூட்டுகிறார் (2 கொரி. 8:9). ஆர்டர் கேன்சலான வாரத்திலும் நிற்கிற பிரசங்கம் உங்களுக்கு வேண்டாமா?

கோபி, வாசகர்: அறுப்பின் பண்டிகையன்னைக்கு மஞ்சளும் வாழைத்தாரும் ஏலம் போகுது. அன்னைக்கு எப்படிங்க?

பழைய ஏற்பாட்டில் உபாகமம் 26 எடுங்க. முதற்பலன் கூடையை வைக்கிறவன் விளைச்சலை மட்டும் சொல்வதில்லை; எகிப்தில் அடிமையாயிருந்தோம், கர்த்தர் மீட்டார் என்று சொல்லித்தான் படைக்கிறான். அங்கிருந்து சிலுவைக்கு வழி நேர்தான்.

பொள்ளாச்சி, வாலிபர் சங்கம்: பெரிய வெள்ளிக்கு ஆணி, இரத்தம், சவுக்கடி எல்லாம் விவரிச்சா சபையே அழுதுங்க, ஐயா.

அழவைப்பது சுலபம், தம்பி. சிலுவையில் அறைந்ததைச் சுவிசேஷம் எழுதிய மாற்கு ஒரு வரியில் முடிக்கிறார் (15:24). ஆணி என்ற சொல்கூட அங்கே இல்லை. ஆனால் சிலுவையைச் சுமந்த சீமோனுக்கு அலெக்சந்தர், ரூப்பு என்று இரண்டு பிள்ளைகள் என்பதை மறக்காமல் எழுதுகிறார். சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளில் மூன்று லூக்காவில், மூன்று யோவானில், ஒன்று மத்தேயுவிலும் மாற்கிலும். அவர் பேசியதைப் பேசினாலே பெரிய வெள்ளியின் மூன்று மணி நேர ஆராதனை போதாது. இன்னொன்று: யூதர்கள் மேல் பழியைப் போட்டு முழங்காதீங்க, தீர்ப்புச் சொன்னது ரோம ஆளுநர் பிலாத்து.

கரூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: அப்போ உயிர்த்தெழுதல் பின்னுக்குப் போயிடாதுங்களா?

போகாதுங்கம்மா. 1 கொரி. 15:3, 4-இல் மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், எழுந்தார் என்று ஒரே மூச்சில் வருகிறது. ஈஸ்டருக்கு யோவான் 20 வையுங்க. எழுந்து வந்தவர், சந்தேகப்பட்ட சீஷன் தோமாவிடம் தம் கைகளையும் விலாவையும்தான் காட்டினார்.